தாங்கியின்மேல் ஒரு மதலை

கல்முனைக் கடைத்தெருவிலே, பள்ளிக்கூடம் தொடங்கும் காலைவேளையில் சற்றே நின்று பாருங்கள். சாய்ந்தமருதிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் மோட்டார் சைக்கிள்கள் விரைந்து வருகின்றன. வாப்பாவின் தலையிலே கவசம். எண்ணெய்த் தாங்கியின்மேல் அமர்ந்த மகனின் தலையோ வெறுமை. பின்னே உம்மா, அவர் கையிலே ஒரு பச்சிளங் குழந்தை.

வண்டி மோதுமிடத்து முன்னிருக்கும் பிள்ளையே முதலில் அடிபடுவான். தந்தையின் பாரமும் அவன்மேற் சாயும். உடலின் அளவை நோக்கப் பிள்ளையின் தலை பெரிது, கழுத்தோ மெலிது. ஆதலின் விழும்போது தலையே நிலத்தைத் தேடுகின்றது. பின்னே இருத்தினாலும், எட்டாமல் தொங்கும் கால் சுழலும் சில்லின் கம்பிகளுள் அகப்படக்கூடும்.

தலைக்கவசம் தலைக்காயத்தை ஏறத்தாழ 69 சதவீதமும், உயிரிழப்பை 42 சதவீதமும் குறைப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த மதிப்பாய்வு கூறும். ஆயினும் பெரியவர் கவசம் பிள்ளைக்கு உதவாது. அளவு பொருந்தி, நாடிப்பட்டி இறுகியிருத்தல் வேண்டும். கைக்குழந்தையின் கழுத்தோ கவசத்தைத் தாங்காது. அதனை ஏற்றாதிருத்தலே காப்பு. இந்தியா 2022இல் வகுத்த விதிகள், 4 வயதுக்குட்பட்ட பிள்ளையை ஓட்டுநரோடு பிணைக்கும் வாரையும், 40 கிலோமீற்றர் வேக எல்லையையும் வேண்டுகின்றன.

“அடுத்த தெருதானே” என்பர் சிலர். “அல்லாஹ் காப்பான்” என்பர் வேறு சிலர். ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு நபிகளார் பணித்தாரன்றோ? இளந்தலைக்கு நாடிப்பட்டி மாட்டுவதும் அத்தகைய கட்டுதலே. சட்டத்துக்கு அஞ்சித் தம் தலையைக் காக்கும் தந்தையர், அன்பினால் மகவின் தலையைக் காக்கத் தவறலாமா?