பணம் போச்சு, ஆர்டர் வரலையே!

சின்னாளபட்டி சுங்குடிச் சேலைகளை இணையத்தில் விற்கிறேன். சாயம் போகுமா என்று கேட்பவர்களைவிட, "அக்கா, பணம் எடுத்துட்டாங்க, ஆர்டர் கன்ஃபார்ம் ஆகலையே!" என்று பதறுபவர்கள்தான் அதிகம். தீபாவளி நெருங்கினால் இந்தப் பதற்றம் இன்னும் கூடும்.

நீங்கள் 'பணம் செலுத்து' பொத்தானை அழுத்தியதும், என் தளம் ஓர் ஆர்டர் எண்ணைப் போட்டு அந்தச் சேலையை உங்கள் பெயரில் பூட்டிவிடும். அதே நொடியில் வேறொருவர் அதைக் கேட்டாலும் கிடைக்காது. அடுத்து, பேமென்ட் கேட்வே நிறுவனம் வழியாக உங்கள் யுபிஐ செயலிக்குக் கோரிக்கை வரும். நீங்கள் போடும் பின் நம்பர் உங்கள் போனிலேயே சங்கேதமாக மாற்றப்படுவதால், நானோ கேட்வேயோ அதைப் பார்க்க முடியாது. கோரிக்கை என்பிசிஐ எனும் தேசியக் கட்டணக் கழகத்தின் சர்வருக்குப் போகிறது. அது உங்கள் வங்கியிடம் பணத்தை எடுக்கச் சொல்கிறது. பிறகு விற்பவரின் வங்கியிடம் வரவு வைக்கச் சொல்கிறது. 'முடிந்தது' என்ற பதில் இதே வழியில் திரும்பி வந்தால்தான் ஆர்டர் உறுதியாகும்.

2016 ஏப்ரலில் 21 வங்கிகளுடன் முன்னோட்டமாகத் தொடங்கிய யுபிஐ, 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. இத்தனை பேர் புழங்கும் பாதையில் ஏதேனும் ஒரு வங்கியின் சர்வர் திணறினாலும் பதில் நடுவழியில் நின்றுவிடும். பணம் கழிந்திருக்கும், எனக்குத் தகவல் வந்திருக்காது. பெரும்பாலும் சிறிது நேரத்தில் தானாகச் சரியாகிவிடும்.

அதனால் உடனே இரண்டாம் முறை பணம் கட்டாதீர்கள். செயலியில் உள்ள, அந்தப் பரிவர்த்தனையை அடையாளம் காட்டும் 12 இலக்க யுடிஆர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்குக் கட்டிய பணத்துக்கு உறுதி கிடைக்காவிட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் அது தானாகக் கணக்குக்குத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 உத்தரவு. தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. நீங்கள் புகார் தராவிட்டாலும் அதைத் தர வேண்டும். வங்கியிடம் புகார் செய்து 30 நாட்களில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

இவ்வளவு பாதுகாப்பு இருந்தும், என்னிடம் வாங்கிய ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பதற்றத்தில் கூகுளில் தேடிய 'கஸ்டமர் கேர்' எண்ணை அழைத்தார். எதிர்முனையில் இருந்தவன், பணத்தைத் திருப்பி அனுப்புவதாகச் சொல்லிப் பின் நம்பரைப் போட வைத்தான். சேலை விலையைப் போல் பல மடங்கு பணம் கணக்கிலிருந்து போய்விட்டது. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

யுபிஐயில் பணம் பெற, பின் நம்பர் தேவையே இல்லை. திருப்பித் தருகிறேன் என்று சொல்லி அதைப் போடச் சொல்பவர் யாராக இருந்தாலும் மோசடிக்காரர்தான். போனை வைத்துவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் இதை இன்றே சொல்லிவையுங்கள்.