பேனா கை மாறும்போது

1994-இல் அமெரிக்காவின் ஏபிசி சேனலில் ஒளிபரப்பான 'ஜெனரல் ஹாஸ்பிடல்' சீரியலில் பள்ளிப் பேருந்து ஒன்று விபத்தில் சிக்குகிறது. டாக்டர் டோனி ஜோன்ஸ், நர்ஸ் பாபி தம்பதியின் சிறு மகள் பிஜே மூளைச்சாவு அடைகிறாள். அதே நேரத்தில் டோனியின் தம்பி மகள் மேக்ஸி, மாற்று இதயம் கிடைக்காமல் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறாள். மகளின் இதயத்தை அவளுக்குக் கொடுக்கப் பெற்றோர் சம்மதிக்கிறார்கள். அறுவை சிகிச்சை முடிந்தபின் டோனி மேக்ஸியின் கட்டிலருகே வருகிறார். மெல்லக் குனிந்து அவள் மார்பில் தலையைச் சாய்க்கிறார். உள்ளே துடிப்பது அவருடைய மகளின் இதயம்.

அமெரிக்கப் பகல்நேர சீரியல்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் மறக்காமல் குறிப்பிடும் காட்சி இது. எழுதியவர் கிளேர் லபீன். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் அந்த சீரியலின் தலைமை எழுத்தாளராகப் பொறுப்பேற்றிருந்தார். சீரியலுக்கு அப்போது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. இந்தக் கதைக்காக லபீன் புதுக் குடும்பம் எதையும் கொண்டுவரவில்லை. பாபியை ரசிகர்கள் எழுபதுகளின் இறுதியிலிருந்தே அறிவார்கள். மேக்ஸி அதே சீரியலில் பிறந்த குழந்தை. பல வருடங்களாக வீட்டு மனிதர்களைப்போலப் பழகியவர்கள் மேல் அந்தத் துக்கம் விழுந்ததால்தான் பார்த்தவர்கள் அப்படி அழுதார்கள்.

சீரியல் பார்ப்பவர்களுக்கு நடிகர்களின் பெயர் தெரியும். எழுதுகிறவரின் பெயர் டைட்டிலில் ஓடி மறைந்துவிடும். ஆனால் நேற்றுவரை நியாயமாகப் பேசிய அண்ணன் இன்று திடீரென்று சூழ்ச்சி செய்தாலோ, மாதக்கணக்கில் மூலையில் கிடந்த ஒரு அத்தை திடீரென்று கதையின் நடுவுக்கு வந்தாலோ, பெரும்பாலும் அதன் பின்னால் பேனா கை மாறியிருக்கும்.

அமெரிக்க முறையில் ஒரு பகல்நேர சீரியலுக்கு வாரம் ஐந்து எபிசோடு. வருடத்துக்குச் சுமார் 250. இரவு நேரத் தொடர்களுக்கு இருப்பதுபோல சீசன் முடிந்து விடுமுறை விடும் வழக்கம் கிடையாது. இவ்வளவையும் ஒருவர் எழுத முடியாது. அடுத்த ஆறு மாதம், ஒரு வருடத்துக்கான கதைப்போக்கைத் தலைமை எழுத்தாளர் வகுக்கிறார். எந்தக் குடும்பத்துக்கு என்ன நேரும், எந்த ரகசியம் எப்போது உடையும், யார் ஊரைவிட்டுப் போவார் என்பதெல்லாம் அதில் இருக்கும். சேனலும் தயாரிப்பு நிறுவனமும் அதற்கு ஒப்புதல் தர வேண்டும். பிறகு ஒரு குழு அதை நாள்வாரியாகவும் காட்சிவாரியாகவும் பிரிக்கிறது. அந்தக் குறிப்பை வைத்து இன்னொரு குழு வசனம் எழுதுகிறது. கடைசியில் எல்லாம் ஒரே கை எழுதியதுபோல இருக்கிறதா என்று பார்த்துத் திருத்த வேண்டும்.

புதியவர் வந்த அன்றே மாற்றம் திரையில் தெரியாது. பல வார எபிசோடுகள் முன்கூட்டியே படமாகிவிடுகின்றன. பழையவர் பாதியில் விட்டுப்போன கல்யாணம், கொலை வழக்கு, மறைத்துவைத்த கர்ப்பம் எல்லாவற்றையும் இவர் ஏற்று நடத்தியாக வேண்டும். நடிகர்களின் ஒப்பந்தங்களும் கையைக் கட்டும். ஓடுகிற பேருந்தில் ஏறி, நிறுத்தாமலே ஸ்டியரிங்கை வாங்குகிற வேலை இது. ரேட்டிங் சரிந்திருக்கும்போதுதான் பெரும்பாலும் ஆளை மாற்றுகிறார்கள் என்பதால், வந்தவருக்கு நிதானிக்கவும் நேரம் கொடுப்பதில்லை.

இந்த நெருக்கடியில்தான் புதியவர்கள் பலர் தவறு செய்கிறார்கள். பழைய பாத்திரங்களை ஓரங்கட்டிவிட்டுத் தாங்கள் உருவாக்கிய புது முகங்களை முன்னுக்குத் தள்ளுகிறார்கள். இதற்கு நேர் எதிரான வழியைக் காட்டியவர் டக்ளஸ் மார்லண்ட். 1985-இல் சிபிஎஸ் சேனலின் 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' சீரியலுக்கு வந்து, 1993-இல் இறக்கும்வரை அதை எழுதினார். ஒரு சீரியலைக் கெடுக்காமல் இருப்பது எப்படி என்று அவர் எழுதிவைத்த குறிப்புகள் அந்தத் துறையில் இன்றும் புழங்குகின்றன. சீரியலைப் பார், அதன் பழங்கதையைப் படி, ரசிகர்களின் கடிதங்களைப் படி, நடிகர்களிடமும் தொழிலாளர்களிடமும் பேசு, முதல் ஆறு மாதம் யாரையும் வேலையைவிட்டு அனுப்பாதே, புதுப் பாத்திரங்களை மெதுவாகக் கொண்டுவா, ஆதாரப் பாத்திரங்களின் குணத்தை மாற்றாதே என்பது அவற்றின் சாரம்.

சொன்னதைச் செய்தும் காட்டினார். அந்த சீரியல் 1956 முதல் ஓக்டேல் என்ற கற்பனை ஊரில் ஹியூஸ் குடும்பத்தைச் சுற்றி நடந்துவந்தது. மார்லண்ட் அங்கே ஸ்னைடர் என்ற விவசாயக் குடும்பத்தைக் கொண்டுவந்தார். ஹியூஸ் குடும்பத்தை அவர் ஒதுக்கவில்லை. பணக்கார வால்ஷ் வீட்டுப் பெண் லில்லி, குதிரை லாயத்தில் வேலை செய்யும் ஹோல்டன் ஸ்னைடரை விரும்புகிறாள். ஹோல்டனின் வீட்டில் வளர்ப்பு மகளான ஐவாதான் லில்லியைப் பெற்ற தாய் என்ற உண்மை பின்னால் வெளிவருகிறது. ஒரே ரகசியம் இரண்டு வீடுகளையும் முடிச்சுப்போட்டுவிட்டது. தாய் எம்மா ஸ்னைடரும் அவளுடைய பண்ணை வீட்டுச் சமையலறையில் கூடிப்பேசும் பிள்ளைகளும் ஓக்டேலிலேயே பிறந்து வளர்ந்தவர்களாக ரசிகர்கள் மனதில் பதிந்துபோனார்கள். 2010-இல் சீரியல் முடியும்வரை ஸ்னைடர் குடும்பம் அதில் இருந்தது. அமெரிக்கப் பகல்நேர சீரியலில் தன்பால் ஈர்ப்பை வெளிப்படையாகச் சொல்லும் முதல் ஆண் பாத்திரத்தை 1988-இல் கொண்டுவந்ததும் மார்லண்ட்தான். அவன் பெயர் ஹேங்க் எலியட்.

ஒரு பாத்திரத்தின் குணமே மாறக் கூடாதா என்றால், மாறலாம். அதற்குக் காரணம் வேண்டும், காலமும் வேண்டும். ஹார்டிங் லெமே நாடக ஆசிரியர். புத்தகப் பதிப்பகத்தில் வேலை பார்த்தவர். 1971-இல் என்பிசியின் 'அனதர் வேர்ல்ட்' அவரிடம் வந்தது. அதில் ரேச்சல் என்ற பெண் அசல் வில்லி. ஸ்டீவ், ஆலிஸ் ஜோடியைப் பிரித்தவள். இந்த முக்கோணத்தை உருவாக்கி, தள்ளாடிக்கொண்டிருந்த சீரியலை நிமிர்த்தியவர் அவருக்கு முன் அங்கே தலைமை எழுத்தாளராக இருந்த ஆக்னஸ் நிக்ஸன். லெமே ரேச்சலை ஒரே இரவில் நல்லவளாக்கிவிடவில்லை. அவளுடைய ஆத்திரத்துக்கு வேர் எது என்று தேடினார். சிற்பக்கலையில் ஈடுபாடு கொடுத்தார். வயதில் மூத்த பதிப்பாளர் மேக் கோரியை அவள் மணக்கிறாள். அவருடைய செல்ல மகள் ஐரிஸ் அந்த மணத்தை உடைக்கப் பார்க்கிறாள். சூழ்ச்சி செய்தவளே இப்போது சூழ்ச்சிக்கு ஆளாகிறாள். ரேச்சலாக நடித்த விக்டோரியா விண்டம் 1999-இல் சீரியல் முடியும்வரை அதன் நாயகியாகவே இருந்தார். 1975-இல் அமெரிக்காவில் முதன்முதலாக நிரந்தரமாக ஒரு மணி நேரத்துக்கு நீண்ட பகல்நேர சீரியலும் இதுதான். லெமே தன் அனுபவங்களை 'எய்ட் இயர்ஸ் இன் அனதர் வேர்ல்ட்' என்ற நூலாக எழுதினார்.

ஒரே சீரியலை இரண்டு பேர் எவ்வளவு வேறாக எழுத முடியும் என்பதற்கு 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' நல்ல உதாரணம். 1965-இல் தொடங்கியபோது அது தடுமாறியது. மறுவருடம் வில்லியம் பெல் பொறுப்பேற்று, குடும்பத்துக்குள் புழுங்கும் காதலையும் குற்ற உணர்வையும் மெதுவாக எழுதி அதைத் தூக்கி நிறுத்தினார். பிற்பாடு அவரும் அவர் மனைவியும் சேர்ந்து உருவாக்கிய 'தி போல்ட் அண்ட் தி பியூட்டிஃபுல்' தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்டார் பிளஸ் வழியாக இந்திய வீடுகளுக்கும் வந்தது. கேபிள் டிவி புதிதாக வந்த நாட்களை அறிந்தவர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கலாம். அதே 'டேஸ்' சீரியல் தொண்ணூறுகளில் ஜேம்ஸ் ரைலி கைக்குப் போனது. ஒரு பெண்ணை உயிரோடு புதைத்தார். சீரியலின் நாயகி, மனநல மருத்துவர் மார்லினாவுக்குப் பேய் பிடிக்கவைத்தார். ரேட்டிங் ஏறியது. அதைப் பார்த்து மற்ற சேனல்களும் அதிசயங்களைத் தேடின. 2003-இல் அவர் திரும்பி வந்தபோது, ஊரின் மூத்த மனிதர்களை மார்லினாவே வரிசையாகக் கொல்வதாகக் கதை போனது. பிறகு பார்த்தால் எல்லோரும் ஒரு தீவில் உயிரோடு இருந்தார்கள். சாவுக்கே அர்த்தம் இல்லை என்று ஒருமுறை பழக்கிவிட்டால், அடுத்து வரும் மரணத்துக்கு யார் அழுவார்கள்? ரைலியின் துணிச்சலை மறுக்க முடியாது. ஆனால் அவர் ஏற்றிவிட்ட ரேட்டிங்குக்கு அந்த சீரியலின் நம்பகத்தன்மை விலையாகப் போனது.

பழங்கதையில் கைவைப்பதன் ஆபத்து அதைவிடக் கூர்மையாக வெளிப்பட்ட இடம் 'ஆல் மை சில்ரன்'. ஆக்னஸ் நிக்ஸன் 1970-இல் தொடங்கிய சீரியல். 1973-இல், கருக்கலைப்பு உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்ற அதே ஆண்டில், அதன் நாயகி எரிக்கா கேன் சட்டப்படி கருக்கலைப்பு செய்துகொள்கிறாள். அமெரிக்கப் பகல்நேர சீரியலில் அதுவே முதல் முறை. அந்தத் துணிவுக்காகவே சீரியல் வரலாற்றில் அது இடம்பெற்றது. 2006 வாக்கில் மெகன் மெக்டாவிஷ் தலைமை எழுத்தாளராக இருந்தபோது, அன்று கருவைக் கலைப்பதாகச் சொன்ன டாக்டர் உண்மையில் அதை எடுத்துத் தன் மனைவியின் வயிற்றில் வைத்துவிட்டார் என்று கதை திரும்பியது. எரிக்காவுக்கே தெரியாமல் அவள் மகன் ஜாஷ் வளர்ந்து ஆளாகி வந்து நின்றான். மருத்துவத்தில் நடக்காத காரியம் என்பது ஒரு பக்கம். ஒரு பெண் தானாக எடுத்த முடிவு முப்பது வருடம் கழித்து இல்லாமலே போயிற்று என்பதுதான் ரசிகர்களைக் கொதிக்கவைத்தது. அந்தக் கோபம் முழுக்க நியாயமானது.

கசப்பான பழங்கதையை எப்படிக் கையாளலாம் என்பதற்கு மறுபடி 'ஜெனரல் ஹாஸ்பிடல்' உதாரணம் தருகிறது. 1981 நவம்பரில் அதன் லூக், லாரா திருமணத்தைச் சுமார் 3 கோடிப் பேர் பார்த்தார்கள். ஆனால் அந்தக் காதலின் தொடக்கத்தில், 1979-இல், லூக் லாராவைப் பலாத்காரம் செய்திருந்தான். சீரியல் அதைக் காதலாகப் பூசி மறைத்திருந்தது. 1998-இல் அவர்களுடைய மகன் லக்கிக்கு அந்த உண்மை தெரியவருவதாக எழுதினார்கள். தகப்பனைத் தெய்வமாக நினைத்த பையன் அவனை நேருக்கு நேர் கேள்வி கேட்கிறான். நடந்ததை அழிக்கவில்லை, பத்தொன்பது வருடம் கழித்து அதற்கு அதன் உண்மையான பெயரைச் சொன்னார்கள்.

தலைமை எழுத்தாளர் ஒருவர் திரைக்கு வெளியேயும் என்ன செய்ய முடியும் என்பதற்கு நிக்ஸனின் இன்னொரு கதையைச் சொல்ல வேண்டும். 1962-இல் அவர் 'தி கைடிங் லைட்' சீரியலை எழுதிக்கொண்டிருந்தார். குடும்பத்தலைவி பெர்ட் பாவருக்குக் கருப்பைப் புற்றுநோய் வருவதாகவும், பாப் ஸ்மியர் என்ற எளிய பரிசோதனையால் அது முன்கூட்டியே தெரிந்து அவள் பிழைப்பதாகவும் எழுத விரும்பினார். சேனலும் ஸ்பான்சரான ப்ராக்டர் அண்ட் கேம்பிளும் ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தன. புற்றுநோய், கருப்பை ஆகிய சொற்களே வரக் கூடாது. அந்தச் சொற்கள் இல்லாமலே நிக்ஸன் அதை எழுதி முடித்தார். வீட்டிலிருந்து பார்த்த பெண்களுக்கு விஷயம் புரிந்தது.

லபீன் செய்ததும் அந்த வரிசையில் வருகிறது. 'ஜெனரல் ஹாஸ்பிடல்' சீரியலில் 1995-இல் ராபின் என்ற பெண்ணின் காதலன் ஸ்டோன் எய்ட்ஸ் நோயால் இறக்கிறான். ராபினுக்கும் எச்ஐவி தொற்று இருப்பது தெரிகிறது. 1985-இல் சிறு பிள்ளையாக சீரியலுக்கு வந்து ரசிகர்களின் கண்முன்னே வளர்ந்தவள் அவள். 1995-இல் எழுத்துக்கான டேடைம் எம்மி விருது லபீனின் குழுவுக்குக் கிடைத்தது. அவர் 1996-இல் விலகினார். பின்னால் வந்தவர்கள் ராபினைச் சாகவிடவில்லை, நோயை மறக்கவுமில்லை. மருந்து எடுத்துக்கொண்டே அவள் டாக்டரானாள், கல்யாணம் செய்தாள், 2008-இல் ஒரு பெண் குழந்தைக்குத் தாயானாள். எச்ஐவியோடு முழு வாழ்க்கை வாழலாம் என்பதைக் கோடிக்கணக்கான வீடுகளுக்கு அவள் காட்டினாள்.

இன்று அமெரிக்காவில் இந்த வகை சீரியல்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டன. 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' 2022 செப்டம்பரில் என்பிசியை விட்டு பீகாக் ஓடிடி தளத்துக்குப் போய்விட்டது. இந்த நிலையிலும் 2025 பிப்ரவரியில் சிபிஎஸ் 'பியாண்ட் தி கேட்ஸ்' என்ற புது சீரியலைத் தொடங்கியது. வாஷிங்டன் நகரையொட்டி வாழும் வசதியான கறுப்பினக் குடும்பம் ஒன்றின் கதை அது. அதை உருவாக்கிய மிஷெல் வால் ஜீன், மற்றவர்களின் சீரியல்களுக்குப் பல ஆண்டுகள் வசனம் எழுதியவர்.