பிழைத்துக்கொண்ட இசை – 9: மறைந்துவரும் பிடில்காரர்கள்

போன வாரம் அயர்லாந்தின் முல்லிங்கர் நகரில் 1951-ல் தொடங்கிய ஃப்ளா திருவிழாவைப் பார்த்தோம். இந்த வாரம் அட்லாண்டிக்கைத் தாண்டிப் போவோம். கனடாவின் கிழக்கோரத்தில் நோவா ஸ்கோஷியா மாகாணத்தைச் சேர்ந்த கேப் பிரெட்டன் தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் தீவுகளிலும் நிலம் இழந்த குடியானவர்கள் கப்பல் கப்பலாக இங்கே வந்திறங்கினார்கள். கேலிக் மொழியும் பிடிலும் கூடவே வந்தன. தாய்நாட்டில் மாறிப்போன வாசிப்பு தங்களிடம் அப்படியே இருக்கிறது என்று தீவுக்காரர்கள் பெருமை பேசுவதுண்டு. கொஞ்சம் மிகைதான். நூற்றைம்பது வருடம் மாறாமல் கிடந்த இசை எங்கேயும் இல்லை.

1971-ல் கனடாவின் பொதுத் தொலைக்காட்சியான சிபிசிக்காக ரான் மக்கின்னிஸ் ஓர் ஆவணப்படம் எடுத்தார். தலைப்பு, ‘மறைந்துவரும் கேப் பிரெட்டன் பிடில்காரர்’. வாசிப்பவர்களுக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் பிடிலைத் தொடுவதில்லை, இந்தத் தலைமுறையோடு கதை முடிந்தது என்பதுதான் படத்தின் சாரம். தீவு கொதித்தது. உயிரோடு இருப்பவர்களுக்கே கருமாதிப் பத்திரிகை அடித்தால் கோபம் வராதா? ஆனால் பிள்ளைகளைப் பற்றிப் படம் சொன்னதை அவ்வளவு சுலபமாக மறுக்க முடியவில்லை.

பங்குத்தந்தை ஜான் ஆங்கஸ் ரேங்கினும் இன்னும் சிலரும் ஒரு குழு அமைத்து வீடு வீடாகப் பிடில்காரர்களைத் தேடினார்கள். 1973 ஜூலையில் கிளெண்டேல் என்ற சிற்றூரில் திருவிழா நடந்தது. நூறு பேருக்கு மேல் ஒரே மேடையில் பிடில் வாசித்தார்கள். இந்த இசைக்கு அது வழக்கமே இல்லை. ஒரு பிடில், ஒரு பியானோ, எதிரே ஆடுகிறவர்கள், அவ்வளவுதான் அதற்கு வேண்டியது. உட்கார்ந்தபடி வாசிப்பவரின் குதிகாலே தாளம் போட்டுவிடும். நூறு பேர் சேர்ந்து வாசித்தால் அந்த நுணுக்கமெல்லாம் கரைந்துபோகும். ஆனாலும் அன்றைக்கு வேண்டியிருந்தது நுணுக்கம் அல்ல, தலைக்கணக்கு.

மேடையைவிடப் பெரிய மாற்றம் அதற்குப் பிறகு நடந்தது. அதுவரை பிள்ளைகள் வீட்டு அடுப்படியில் பெரியவர்கள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டுத்தான் கற்றார்கள். அந்தச் சங்கிலி அறுந்த இடத்தில் வகுப்புகள் வந்தன. ஸ்டான் சாப்மன் என்ற ஆசிரியரிடம் படித்தவர்களில் இருவர் நாட்டலி மக்மாஸ்டரும் ஆஷ்லி மக்ஐசக்கும். நாட்டலி 1972-ல் பிறந்தவர், ஆஷ்லி 1975-ல். படம் எடுத்தபோது இருவருமே பிறந்திருக்கவில்லை. பின்னால் உலக மேடைகளில் கேப் பிரெட்டன் என்றாலே நினைவுக்கு வரும் பெயர்களாக ஆனார்கள்.

நாட்டலியின் தந்தையோடு உடன்பிறந்தவர் படி மக்மாஸ்டர். பகலில் ரயில் நிலையத்தில் வேலை, இரவில் ஊர் மன்றங்களில் நடனத்துக்கு வாசிப்பு என்று வாழ்ந்த மனிதர். 1924-ல் பிறந்த அவருடைய முதல் தனி ஆல்பம் 1989-ல்தான் வந்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த ஆள் இவர். பிறகு ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவிலுள்ள கேலிக் கல்லூரிக்கு இவரை வரவழைத்துப் பாடம் எடுக்கச் சொன்னார்கள். தாய்வீடே பேரனிடம் பாடம் கேட்டது!

1997-ல் ஜொயல்லா ஃபோல்ட்ஸும் மாக்ஸ் மக்டொனால்டும் ‘கெல்டிக் கலர்ஸ்’ விழாவைத் தொடங்கினார்கள். அக்டோபரில் மேப்பிள் இலைகள் சிவக்கும் ஒன்பது நாட்கள். சுற்றுலாப் பருவத்தை இலையுதிர்காலம் வரை நீட்டிக்கும் கணக்கும் அதில் உண்டு. நிலக்கரிச் சுரங்கமும் எஃகு ஆலையும் நொடித்துக்கொண்டிருந்த தீவு அது. விழாவுக்கென்று ஒரே மைதானம் கிடையாது. தேவாலயம், பள்ளிக்கூடம், தீயணைப்பு நிலையம், ஊர் மன்றம் என்று தீவு முழுக்கக் கச்சேரி. சமையலும் ஊர்க்காரர்களுடையது. ஸ்காட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வரும் பெரிய கலைஞர்கள் வாசிக்கும் மேடையிலேயே பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் வாசிக்கிறார்கள். பரிசுக்கும் போட்டிக்கும் முக்கியத்துவம் தரும் ஃப்ளாவைவிட எனக்கு இந்த முறைதான் ஒரு படி மேல்.

பிடிலோடு கப்பலேறி வந்த கேலிக் மொழிக்கு மட்டும் இந்த வைத்தியம் அவ்வளவாகப் பலிக்கவில்லை. அதற்கென்று மாகாண அரசு 2006-ல் ஒரு தனி அலுவலகம் திறக்க வேண்டியிருந்தது. அந்தக் கதை அடுத்த வாரம்.