ஏப்ரல் 1: திருத்தணி இணைந்த நாள்

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. ஆனால், கே.ஜி.கண்டிகை அமைந்துள்ள திருத்தணி வட்டாரம் அப்போதும் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலேயே இருந்தது. ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் உள்ளிட்டோரின் வடக்கெல்லைப் போராட்டத்தைத் தொடர்ந்து, தீர்வுகாணப் படாஸ்கர் நியமிக்கப்பட்டார். கிராமத்தை அலகாகவும், மக்களின் மொழியையும் நிலத் தொடர்ச்சியையும் அளவுகோலாகவும் அவர் கொண்டார்.

1959-இல் நிறைவேறிய எல்லை மாற்றச் சட்டத்தின்படி, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தில் இணைந்தது. பதிலுக்குச் சில ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. திருப்பதியும் அங்கேயே நின்றது.

முழு வெற்றி எவருக்கும் இல்லை. ஆயினும், கொடுத்தும் பெற்றும் இரு மாநிலங்கள் உடன்பட்டன. எல்லையும் நீரும் இன்றும் மாநிலங்களைப் பிரிக்கையில், முட்டாள்கள் தினமாக நாம் சிரித்துக் கடக்கும் அந்நாள், உண்மையில் அறிவுடைமையின் நாள்.