மூளைக் கட்டியில் ஒளிந்திருக்கும் நொதி... ஆன்டிபாடி அதை எப்படிக் காட்டிக் கொடுக்கிறது?

ஆன்டிபாடி என்றதும் கொரோனாவும் தடுப்பூசியும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனா, செல்லுக்குள் இருக்கும் நொதியைத் தேடிப் பிடிக்கவும் ஆய்வகங்களில் ஆன்டிபாடியைப் பயன்படுத்துறாங்க. அப்படி ஒரு ஆன்டிபாடி, மூளைக் கட்டிக்கான பரிசோதனை முறையையே மாற்றியிருக்கிறது.

அது என்ன நொதி?

பெயர் ஐடிஎச்1. வளர்சிதை மாற்றத்தில் ஐசோசிட்ரேட்டை ஆல்பா-கீட்டோகுளுட்டரேட்டாக மாற்றுவது இதன் வேலை. 414 அமினோ அமிலங்கள் கோர்த்த சங்கிலி இது. கிளையோமா வகை மூளைக் கட்டிகள் சிலவற்றில் இந்த நொதி மாறியிருப்பது 2008-ல் தெரியவந்தது. பெரும்பாலும் 132-வது இடத்தில் ஆர்ஜினினுக்கு பதில் ஹிஸ்டிடின் இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா, அந்த ஒன்றால் நொதி 2-ஹைட்ராக்ஸிகுளுட்டரேட் என்ற வேறொரு பொருளை உருவாக்கிக் குவிக்கிறது. அது செல்லின் இயல்பான வளர்ச்சியைக் குலைக்கிறது.

ஆன்டிபாடி எப்படி வந்தது?

ஜெர்மனியின் ஹைடல்பர்க் ஆய்வாளர்கள், மாறிய பகுதியை மட்டும் சிறு புரதத் துண்டாகத் தயாரித்து எலிகளுக்குச் செலுத்தினர். எலிகளின் உடலில் உருவான ஆன்டிபாடிகளில், மாறிய நொதியில் மட்டும் ஒட்டி, சாதாரண நொதியை விட்டுவிடும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தனர். 2009-ல் வெளியான அதன் பெயர் எச்09.

பரிசோதனை எப்படி நடக்கும்?

கட்டியிலிருந்து எடுத்த சதையை மெல்லிய சீவல்களாக வெட்டி, ஆன்டிபாடியை ஊற்றி, ஒட்டாததைக் கழுவிவிடுவார்கள். பிறகு நிறம் தரும் ரசாயனம் சேர்க்கப்படும். மாறிய நொதி இருக்கும் செல்கள் பழுப்பு நிறமாகும். நல்ல செல்களுக்கு நடுவே புகுந்த ஒற்றைப் புற்றுச் செல்கூட மைக்ரோஸ்கோப்பில் தெரியும்.

அப்படியே நம்பிடலாமா?

கூடாது. ஆன்டிபாடி வேறு புரதத்திலும் தப்பாக ஒட்டலாம். அதனால் மாற்றம் இருப்பது உறுதியான சதை ஒன்று, இல்லாதது ஒன்று என இரண்டையும் சேர்த்தே சோதிப்பார்கள். நிறம் வரவில்லை என்றால் மாற்றமே இல்லை என்றும் அர்த்தமில்லை. இந்த ஆன்டிபாடிக்கு அந்த ஒரு மாற்றம் மட்டுமே தெரியும். அதே 132-வது இடத்தில் வேறு அமினோ அமிலம் வந்திருக்கலாம். ஐடிஎச்2 என்ற உறவு நொதி மாறியிருக்கலாம். தேவைப்பட்டால் மரபணுப் பரிசோதனைதான் முடிவு சொல்லும்.

நோயாளிக்கு என்ன பயன்?

ஐடிஎச் மாற்றம் உள்ள கிளையோமா நோயாளிகள், அது இல்லாதவர்களைவிட பொதுவாக அதிக காலம் வாழ்கிறார்கள். 2016-ல் உலக சுகாதார அமைப்பும் மூளைக் கட்டிகளை வகைப்படுத்த இதை அளவுகோலாக்கியது. மாறிய நொதியைத் தடுக்கும் வோராசிடெனிப் மாத்திரைக்கு 2024-ல் அமெரிக்கா அனுமதி அளித்தது. மாத்திரை யாருக்குப் பொருந்தும் என்று தெரிய, முதலில் அந்த மாற்றம் இருக்கிறதா என்று தெரியணும். அதற்கான முதல் விடை, பல நேரங்களில் அந்தப் பழுப்பு நிறம்தான்.