மீசைக்காரர்கள் கவனிக்க!

லீவ் போட்டுவிட்டு ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்பிய காலம் மலையேறிவிட்டது. இப்போது பையன்கள் அந்தமான், பாண்டிச்சேரி என்று போய், முதுகில் ஸிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறார்கள். ஸ்கூபா டைவிங்! அந்தப் பைத்தியம் பிடித்தவர்களில் அடியேனும் ஒருவன்.

ஸிலிண்டர், ஜாக்கெட், வாயில் கடிக்கிற ரெகுலேட்டர் எல்லாம் வாடகைக்கே கிடைக்கும். ஒன்றை மட்டும் சொந்தமாக வாங்குங்கள் என்பேன். மாஸ்க்! அது செருப்பு மாதிரி ஸார். அடுத்தவர் அளவு நமக்கு ஒத்துவராது.

தண்ணீருக்குள் வெறும் கண்ணைத் திறந்தால் எல்லாமே கலங்கல். கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் காற்று இருந்தால்தான் தெளிவாகத் தெரியும். அந்தக் காற்றை அடைத்து வைக்கிற பெட்டிதான் மாஸ்க். அதன் வழியாகப் பார்த்தால் எதுவும் மூன்றில் ஒரு பங்கு பெரிசாகத் தெரியும். (கரையேறியதும் 'இத்தாம் பெரிய மீன்!' என்று கையை விரிப்பவர்களை மன்னித்துவிடுங்கள்.)

வம்பே அந்தக் காற்றில்தான். நான் பி.காம். சயன்ஸ் க்ரூப் நண்பர்கள் உருப்போட்ட பாயில் விதி கடலில்தான் எனக்குப் புரிந்தது. அழுத்தம் இரண்டு மடங்கானால் காற்று பாதியாகச் சுருங்கும். 10 மீட்டர் ஆழத்தில் அதுதான் கதை. மாஸ்க்குக்குள் காற்று சுருங்க, மாஸ்க் அப்படியே முகத்தை உறிஞ்சும். மூக்கால் கொஞ்சம் காற்றை உள்ளே விட்டுச் சரிக்கட்ட வேண்டும். விடாவிட்டால் கண்ணில் ரத்தக்குழாய் உடைந்து, சினிமா வில்லன் மாதிரி சிவந்த கண்ணோடு ஆபீஸ் போக வேண்டியதுதான்!

நீச்சல்குளக் கண்ணாடி இங்கே உதவாது என்பதற்கும் காரணம் இதுதான். அதில் மூக்கு வெளியே இருக்கிறதே! இத்தாலியின் கிரெஸ்ஸி கம்பெனி 1952-ல் மூக்குக்கென்று தனி அறை வைத்து ஒரு மாஸ்க் கொண்டுவந்தது. பெயர் என்ன தெரியுமா? பினோக்கியோ! பொய் சொன்னால் மூக்கு நீளுமே, அதே மரபொம்மைதான்.

லோ வால்யூம்: வரவும் செலவும்

கடைக்காரர் 'லோ வால்யூம்' என்று ஒன்றை நீட்டுவார். கண்ணாடி கண்ணை ஒட்டியே இருக்கும். உள்ளே காற்றுக்கு இடம் கம்மி.

வரவுப் பக்கம்: தண்ணீர் புகுந்தால், மேல் விளிம்பை அழுத்திக்கொண்டு மூக்கால் ஒரு ஊது ஊதினால் போதும், வெளியேறிவிடும். கண்ணாடி கிட்டே இருப்பதால் பக்கவாட்டிலும் கீழேயும் பார்வை விரியும்.

செலவுப் பக்கம்: சிலருக்கு இமைமுடி உரசும். மூக்குத்தண்டு இடிக்கும். அரை மணி நேரத்தில் தலைவலி நிச்சயம்.

"இதுல காத்து மிச்சமாகும் ஸார்" என்பார் கடைக்காரர். ஒரே மூச்சை அடக்கிக்கொண்டு இறங்குகிற ஃப்ரீ டைவருக்கு அது சரி. நம் கதை வேறு. 12 லிட்டர் ஸிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்தால் சுமார் 2,400 லிட்டர் காற்று. அதில் 100 மில்லி மிச்சம் பிடிப்பது, லட்ச ரூபாய் டெபாசிட்டில் நாலு ரூபாய் மிச்சம் பிடிப்பது மாதிரி!

ஆனால் தண்ணீரைச் சுலபமாக வெளியேற்றலாம் என்றால் காது கொடுங்கள். ஆழத்தில் திடீரென்று மூக்கில் தண்ணீர் ஏறினால் புதியவர்கள் பதறுவார்கள். பதறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்ந்தால் பாயில் விதி திருப்பி அடிக்கும். 10 மீட்டரில் நுரையீரலில் இருந்த காற்று, மேலே வருவதற்குள் இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்து உயிரே போகலாம். ஆகவே எந்த மாஸ்க் வாங்கினாலும், தண்ணீரை ஊதி வெளியேற்றும் பயிற்சியை இடுப்பளவுத் தண்ணீரிலேயே முடித்துவிடுங்கள்.

பெண் பார்ப்பது மாதிரி

பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உறிஞ்சிவிட்டுக் கையை எடுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் சம்பந்தம் பேசலாம். நழுவி விழுந்தால் அடுத்த இடம்! வாயில் ஸ்நார்க்கலைக் கடித்துக்கொண்டும் ஒரு தரம் பாருங்கள். வாய் திறந்தால் கன்னத்தின் அமைப்பே மாறிவிடும்.

வெளியிலிருந்து மூக்கைப் பிடித்து ஊத முடிகிறதா? காது அடைப்பை நீக்க அது அவசியம். கண்ணாடியில் 'டெம்பர்ட்' என்று அச்சிட்டிருக்கிறதா? இல்லையென்றால் வேண்டாம்.

அடுத்து, மீசை. அதன் வழியாகத் தண்ணீர் நைஸாக உள்ளே வரும். என் நண்பனிடம் ட்ரெய்னர், "மூக்குக்குக் கீழே கொஞ்சம் ட்ரிம் பண்ணிக்குங்க" என்றார்.

"இது எங்க தாத்தா காலத்துலேர்ந்து வர்ற மீசை ஸார்!"

"அப்ப தாத்தாவையே இறங்கச் சொல்லுங்க."

மறுநாள் நண்பன் ட்ரிம் பண்ணிக்கொண்டு வந்தான்.

ஒழுகுகிறது என்று பட்டையை இறுக்காதீர்கள். சிலிகான் விளிம்பு நெளிந்து இன்னும் ஒழுகும். புது மாஸ்க் பனி படிந்து மறைத்தால், உள்பக்கம் டூத்பேஸ்ட் தேய்த்துக் கழுவுங்கள். அதன்பின் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் துளி எச்சில் தடவி அலம்பினால் போதும். காசு செலவில்லை.

கலர் பார்ப்பது கடைசி வேலை. உங்கள் மாஸ்க் மேட்சிங்கா என்று எந்த மீனும் கேட்கப் போவதில்லை!