ஜூனை விட்டாச்சு, ஜனவரியில் சேரலாமா?

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

டிசம்பர் பிறந்தாலே எனக்கு ஒரே மாதிரி நாலஞ்சு வாய்ஸ் மெசேஜ் வரும். "பிளஸ் டூ முடிச்சேன், ஜூன்ல சேர முடியல. இனி அடுத்த ஜூன் வரைக்கும் சும்மாதானா?" இதுதான் கேள்வி. காரணம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருத்தர் துணைத் தேர்வு எழுதி பாஸ் ஆகுறதுக்குள்ள கல்லூரிச் சேர்க்கை முடிஞ்சிருக்கும். இன்னொருத்தர் நீட்டுக்கு இன்னொரு வருஷம் படிக்க ஆரம்பிச்சு, பாதியில வேணாம்னு முடிவு பண்ணியிருப்பார். சிலர் வீட்ல அந்த நேரம் பணம் இருந்திருக்காது.

இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப் போறோம். ஜனவரியில கல்லூரிப் படிப்பைத் தொடங்குறது நம்ம ஊர்ல நிஜமாவே முடியுமா? முடியும்னா எந்தெந்த வழி, என்னென்ன தயார் பண்ணணும், எங்க ஏமாறாம இருக்கணும்?

முதல்ல, இது ஏன் அவசரம்?

எனக்குச் சொந்த ஊர் வன்னியம்பட்டி. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல இருக்கு. எங்க பக்கம் வேலை கிடைக்கிறது கஷ்டமில்ல. ராஜபாளையத்தைச் சுத்தி நூற்பாலைகள், சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி நெய்யுற தறிகள். பிளஸ் டூ முடிச்ச பையனோ பொண்ணோ ஒரு வாரத்துல வேலைக்குப் போயிடலாம். சம்பளம் வீட்டுக்கு வர ஆரம்பிச்சதும், 'அடுத்த வருஷம் பாத்துக்கலாம்'னு சொன்ன படிப்பு தள்ளிக்கிட்டே போகும்.

என் சித்தப்பா பொண்ணு கதை அதுதான். அவ பிளஸ் டூ முடிச்ச கோடையில சித்தப்பாவுக்கு ஆபரேஷன். கல்லூரிக்கு விண்ணப்பம் போடவே இல்ல. சத்திரப்பட்டியில ஒரு தறிக்கூடத்துக்கு வேலைக்குப் போனா. டிசம்பர்ல எனக்கு போன் பண்ணி, "அண்ணே, அம்மா ஜாதகத்தை வெளிய எடுத்துருச்சு. ஒரு வருஷம்தான் போயிருச்சே, இனி எதுக்குக் காலேஜுங்குது. நான் ஏதாச்சும் ஒண்ணுல சேர்ந்துட்டேன்னா பேச்சை நிப்பாட்டிரலாம்னு பாக்குறேன்"னு சொன்னா.

ஜூனுக்கும் ஜூனுக்கும் நடுவுல பன்னிரண்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள நம்ம வாழ்க்கையைப் பத்தி மத்தவங்க முடிவெடுத்துடுவாங்க. ஜனவரியில ஒரு சேர்க்கை இருக்குங்கிறது அதனாலதான் முக்கியம்.

வருஷத்துக்கு ரெண்டு முறை சேர்க்கைன்னு சொன்னாங்களே?

2024 ஜூன்ல, அப்போ யுஜிசி தலைவரா இருந்த எம்.ஜெகதேஷ் குமார் ஓர் அறிவிப்பு கொடுத்தார். 2024-25 கல்வியாண்டிலிருந்து உயர்கல்வி நிறுவனங்கள் ஜூலை-ஆகஸ்ட், ஜனவரி-பிப்ரவரின்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை மாணவர்களைச் சேர்க்கலாம். அதுல கவனிக்க வேண்டிய சொல் 'சேர்க்கலாம்'. கட்டாயம் கிடையாது. ஆசிரியர், கட்டட வசதி இருக்கிற நிறுவனங்கள் விருப்பப்பட்டா செய்யலாம், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுல அரசு கலை அறிவியல் கல்லூரிச் சேர்க்கையும் சரி, பொறியியல் கலந்தாய்வும் சரி, வருஷத்துக்கு ஒரு முறை, கோடையிலதான். அதனால ஜனவரியில தினமும் வகுப்புக்குப் போற சீட்டை எதிர்பார்க்காதீங்க. ஏதாவது தனியார் பல்கலைக்கழகம் தர்றதா சொன்னா, அவங்க இணையதளத்துல அந்தப் பாடத்துக்கு ஜனவரி சேர்க்கைன்னு எழுத்துல இருக்கான்னு பாத்துட்டு மேல பேசுங்க.

ஜனவரியில உறுதியா திறந்திருக்கிற கதவு தொலைநிலைக் கல்வியும் இணையவழிக் கல்வியும்தான். இது சின்னக் கதவும் இல்ல. யுஜிசி சொன்ன கணக்குப்படி இந்த ரெண்டு முறையிலயும் 2022 ஜூலையில 19.73 லட்சம் பேர் சேர்ந்தாங்க. அதுக்கடுத்த 2023 ஜனவரியில இன்னும் 4.28 லட்சம் பேர். அந்த 4.28 லட்சம் பேரும் ஆறு மாசம் காத்திருக்க வேண்டியிருக்கல.

நம்ம வீட்ல பெரியவங்களுக்கு இதை 'தபால்ல படிக்கிறது'ன்னு சொன்னா உடனே புரியும். டெல்லி பல்கலைக்கழகம் 1962லயே அஞ்சல்வழிக் கல்வியை ஆரம்பிச்சது. எங்க பக்கத்துப் பல்கலைக்கழகமான மதுரை காமராசர் 1971ல ஆரம்பிச்சது. எங்க ஊர்ப் பக்கம் பல வாத்தியார்களும் அரசு ஊழியர்களும் அப்படிப் படிச்சு வந்தவங்கதான்.

எங்கே சேரலாம்?

ரெண்டு அரசுப் பல்கலைக்கழகங்களை முதல்ல பாருங்க.

ஒண்ணு, இக்னோ. 1985ல தொடங்கின மத்தியப் பல்கலைக்கழகம். ஜனவரி, ஜூலைன்னு ரெண்டு சேர்க்கை. மதுரையில மண்டல மையம் இருக்கு. தேர்வு ஜூன்லயும் டிசம்பர்லயும் நடக்கும். பாடப் புத்தகங்களை அவங்களோட டிஜிட்டல் களஞ்சியத்துல யாரு வேணும்னாலும் இலவசமா படிக்கலாம். அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடியே முதல் பருவப் புத்தகம் ஒண்ணை எடுத்து இருபது பக்கம் படிச்சுப் பாருங்க. பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். அந்த ஆங்கிலம் நமக்கு ஓடுமான்னு அப்பவே தெரிஞ்சிரும்.

ரெண்டாவது, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 2002ல மாநில அரசு தொடங்கினது, தலைமையிடம் சென்னை சைதாப்பேட்டை. ஜனவரிச் சேர்க்கையை இவங்க 'கேலண்டர் இயர்' சேர்க்கைன்னு சொல்வாங்க. தமிழ் வழியிலேயே பட்டப்படிப்புகள் இருக்கு. தமிழ் வழியில பிளஸ் டூ முடிச்சு வேலைக்கும் போய்க்கிட்டுப் படிக்கப் போறவங்களுக்கு இது பெரிய வித்தியாசம். என் தங்கச்சி இங்கதான் பி.காம். சேர்ந்தா.

அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்துல தொலைநிலையில வாங்குற பட்டம், நேர்முறைப் பட்டத்துக்குச் சமம். இதை 2022 செப்டம்பர்ல யுஜிசி மறுபடியும் தெளிவுபடுத்தியிருக்கு.

பணம் கட்டும் முன்னாடி பார்க்க வேண்டியவை

டிசம்பர்ல பஸ் ஸ்டாண்டு சுவர்ல 'வீட்டிலிருந்தே டிகிரி' போஸ்டர் நிறைய பாப்பீங்க. அதுக்காகத்தான் இந்தப் பகுதி.

யுஜிசிக்குள்ள தொலைநிலைக் கல்விக்குன்னு தனிப் பிரிவு இருக்கு, டிஇபி. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடம், எந்தச் சேர்க்கைப் பருவத்துக்கு அனுமதி வாங்கியிருக்குன்னு அவங்க இணையதளத்துல பட்டியல் இருக்கும். இந்த மூணும் பொருந்தணும். பல்கலைக்கழகம் பேர் இருக்கு, ஆனா நீங்க சேரப் போற பாடம் இல்லன்னா, அது அனுமதி இல்லாத பாடம். போன வருஷம் இருந்துச்சுங்கிறதும் கணக்கு இல்ல.

பொறியியல், மருத்துவம், நர்சிங், பார்மசி, சட்டம், விவசாயம் மாதிரியான படிப்புகளுக்குத் தொலைநிலையில அனுமதியே கிடையாது. "பி.இ. வீட்ல இருந்தே முடிக்கலாம் தம்பி"ன்னு யாராவது சொன்னா, அந்தப் பேச்சை அங்கேயே முடிச்சுக்கோங்க.

கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தோட சொந்த இணையதளம் வழியா மட்டும் கட்டுங்க. தனியார் மையத்துக்கு ஃபிரான்சைஸ் கொடுக்கிறதை யுஜிசி விதிகள் தடை பண்ணியிருக்கு. யாரோ ஒருத்தர் கையில ரொக்கமா கொடுத்துட்டு ரசீது 'அப்புறம் வரும்'னு காத்திருக்காதீங்க.

இன்னொரு விதி, அரசு வேலைக்குப் போக நினைக்கிறவங்களுக்கு. தமிழ்நாடு அரசு 2009ல போட்ட அரசாணை 107ன்படி, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அப்புறம் பட்டம்ங்கிற வரிசை இருக்கணும். பிளஸ் டூ இல்லாம நேரா திறந்தநிலையில வாங்கின பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது. பிளஸ் டூவுல ஒரு பாடம் நிக்குதுன்னா, முதல்ல துணைத் தேர்வு எழுதி அதை முடிங்க.

நவம்பர்லயே எடுத்து வைக்க வேண்டியவை

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், புகைப்படம். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். நிறைய பேர் மாட்டிக்கிறது ஒரே ஒரு இடத்துல: இனிஷியல்.

இப்போ தொலைநிலையில சேரணும்னா முதல்ல டிஜிலாக்கர் வழியா ஏபிசி எண், அதை வச்சு டிஇபி எண் உருவாக்கணும். ரெண்டும் ஆதார்ல இருக்கிற பேரைத்தான் எடுத்துக்கும். மார்க் ஷீட்ல 'ச.முத்துமாரி', ஆதார்ல அப்பா பேரோட 'முத்துமாரி சங்கரன்'னு இருந்தா, பேரோ பிறந்த தேதியோ ஒத்துப்போகலன்னு விண்ணப்பம் நின்னுடலாம். மதிப்பெண் சான்றிதழை ஆதாரமா வச்சு ஆதாரைத் திருத்துறதுதான் சுலபம். ஆனா அதுக்கு நாள் ஆகும். ஆதார்ல இருக்கிற போன் நம்பர் இப்போ உங்க கையில இருக்கான்னும் பாருங்க. எல்லா ஓடிபியும் அதுக்குத்தான் வரும். எங்க வீட்ல அது சித்தப்பாவோட பழைய நம்பரா இருந்துச்சு.

கடைசித் தேதியைப் பல தடவை நீட்டிப்பாங்கதான். அதை நம்பி உக்காந்தா புத்தகம் தாமதமா வரும், படிக்கிற நாள் குறையும்.

எதை இழக்கிறோம்னும் தெரிஞ்சுக்கணும்

அரசுப் பள்ளியில 6ல இருந்து 12 வரை படிச்சவங்களுக்கு மாசம் 1,000 ரூபாய் தர்ற புதுமைப் பெண் திட்டம் 2022லயும், பசங்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024லயும் வந்துச்சு. தொலைநிலையில படிக்கிறவங்களுக்கு இந்தப் பணம் கிடையாது. மூணு வருஷத்துக்குக் கணக்குப் போட்டா 36,000 ரூபாய். ஏழை வீட்டுக்கு இது சின்னத் தொகை இல்ல. அதோட லேப், நண்பர்கள், நேர்ல கேள்வி கேக்க ஆசிரியர், இதெல்லாமும் குறையும். வர்ற ஜூன்ல அரசுக் கல்லூரியில சேர வீட்டு நிலைமை நிச்சயமா அனுமதிக்கும்னா, அதையே தேர்ந்தெடுங்கன்னுதான் நான் சொல்வேன்.

நிச்சயமில்லன்னா ஜனவரியில சேருங்க. அதனால ஜூன் கதவு மூடிடாது. 2022 ஏப்ரல்ல இருந்து ஒரே நேரத்துல ரெண்டு பட்டப்படிப்பு படிக்க யுஜிசி அனுமதிச்சிருக்கு. ஒண்ணு நேர்முறையிலயும் இன்னொண்ணு தொலைநிலையிலயும் இருக்கலாம்.

வெளிநாட்டு 'ஸ்பிரிங்' பத்தி ஒரு வார்த்தை

டிகிரி முடிச்சுட்டு ஜெர்மனிக்கு முதுகலை போக நினைக்கிறவங்களும் இந்தக் கேள்வியைக் கேக்குறாங்க. அங்க கோடைப் பருவம் பல்கலைக்கழகங்கள்ல ஏப்ரல்ல ஆரம்பிக்கும். விண்ணப்பக் கடைசித் தேதி பல இடங்கள்ல ஜனவரி 15. ஆனா 2022 நவம்பர்ல இருந்து இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். அது கைக்கு வர வாரக்கணக்கில ஆகும். ஒரு வருஷச் செலவுக்கான பணத்தை முடக்குக் கணக்குல காட்டணும், 2024 செப்டம்பர்ல இருந்து அது 11,904 யூரோ. ஜனவரிக்கு விண்ணப்பிக்கணும்னா செப்டம்பர்லயே வேலையைத் தொடங்குங்க. கோடைப் பருவத்துல பாடங்களும் குறைவாத்தான் இருக்கும்.

சேர்ந்த பிறகு

தொலைநிலைன்னா தேர்வுக்கு முந்தின வாரம் படிச்சாப் போதும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. கணக்கைப் பாருங்க. இக்னோவுல ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு. ஒரு பருவத்துக்கு 20 கிரெடிட்னு வச்சுக்கிட்டா 600 மணி நேரம். 26 வாரத்துல பிரிச்சா வாரத்துக்கு 23 மணி நேரம். வேலைக்குப் போறவங்களுக்கு இது பாரம்தான். அதனாலதான் மூணு வருஷப் பட்டத்தை முடிக்க இக்னோ ஆறு வருஷம் வரைக்கும் தருது. அதை வெக்கப்படாம பயன்படுத்திக்கோங்க.

அசைன்மென்ட்டை முதல்ல முடிங்க. இக்னோவோட பெரும்பாலான பட்டப்படிப்புகள்ல அதுக்கு 30 சதவீத மதிப்பெண். அதைக் கொடுக்காம அந்தப் பாடத்தை முடிக்கவும் முடியாது.

என் தங்கச்சி தறிக்கூடம் விட்டு வந்து ராத்திரி எட்டுல இருந்து பத்து வரை படிக்கிறா. ஞாயித்துக்கிழமை பூரா படிப்பு. இப்போ ரெண்டாம் வருஷம். ஒரு பேப்பர் அரியர் இருக்கு. சித்தி ஜாதகத்தைத் திரும்ப பீரோவுல வச்சுட்டாங்க, எத்தனை நாளைக்குன்னு தெரியாது. ஆனா இப்போ வீட்ல யாரு வந்து கேட்டாலும் "பொண்ணு பி.காம். படிக்கிறா"ன்னு சித்தியே சொல்றாங்க.

இந்த வாரம் நீங்க செய்ய வேண்டியது மூணு: ஆதாரையும் மார்க் ஷீட்டையும் பக்கத்துல வச்சு எழுத்து எழுத்தா ஒப்பிடுங்க. டிஇபி பட்டியல்ல உங்க பாடத்தைத் தேடுங்க. முதல் பருவப் புத்தகத்தை இருபது பக்கம் படிங்க. சந்தேகம் இருந்தா வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க, அடுத்த எபிசோடுல பதில் சொல்றேன்.